கரி படிந்த குருவிகள்: காலநிலைக்காக அருங்காட்சியகம் என்ன செய்ய முடியும்?

கேள்வி இதுதான்: "காலநிலை மாற்றம் பற்றி அருங்காட்சியகங்கள் கண்காட்சி வைக்கின்றன, சரி. பார்த்துவிட்டு வெளியே வருகிறவர் எதையாவது செய்யத் தொடங்குவாரா? பழம்பொருள் காக்கும் இடத்துக்கு இந்த வேலை எதற்கு?"

இரண்டாம் பாதியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் முதல் பாதிக்கும் பாதிப் பதில் கிடைத்த மாதிரி.

சிகாகோவில் உள்ள ஃபீல்டு அருங்காட்சியகத்தின் பின்கட்டில், பார்வையாளர்கள் போகாத பகுதியில், அடுக்கடுக்காக இழுப்பறைகள் இருக்கின்றன. ஒன்றை இழுத்தால் பாடம் செய்த பறவைகள் மல்லாந்து வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சீட்டு. பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள், ஒருவர் பரிணாம உயிரியல் படித்தவர், மற்றவர் புகைப்பட வரலாறு படித்தவர், இந்தப் பறவைகளை ஒரு புதுக் கண்ணோடு பார்த்தார்கள். ஒரே இனக் குருவிதான். ஆனால் 1900-ஐ ஒட்டிப் பிடிபட்டவற்றின் வெள்ளை வயிறு அழுக்குச் சாம்பலாக இருந்தது. பிற்காலத்தில் பிடிபட்டவை பளிச்சென்று இருந்தன. பழைய பறவையைத் தொட்டால் கையில் கரி ஒட்டியது. நிலக்கரி எரித்த தொழிற்சாலைப் பட்டணங்களின் புகைக்கரி அது, நூறு ஆண்டுகளுக்கு மேலாக இறகிலேயே உட்கார்ந்திருந்தது.

இந்தப் பறவைகள் ஆண்டுதோறும் இறகு உதிர்த்துப் புதிதாக முளைக்கவிடும். ஆகவே ஒரு பறவையின் மேல் இருக்கும் கரி, அநேகமாக அந்த ஓராண்டின் காற்றில் இருந்த கரி. ஐந்து இனங்கள், 1,300-க்கும் மேற்பட்ட பறவைகள், 135 ஆண்டுகள். எல்லாவற்றையும் ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து, வயிறு எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று அளந்து 2017-இல் வெளியிட்டார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் ஆலைகள் ஓய்ந்தபோது பறவைகள் வெளுக்கின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மறுபடி கறுக்கின்றன. அதற்குப் பிறகு எரிபொருள் மாறியது, புகைக்கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன, பறவைகள் படிப்படியாக வெளுத்துவிட்டன. அந்தக் காலக் காற்றில் இருந்த கரியின் அளவு பற்றி அதுவரை இருந்த மதிப்பீடுகள் குறைவு என்பதும் இதிலிருந்து தெரிந்தது. புகைக்கரி வெயிலை உறிஞ்சி வெப்பமாக்கும் பொருள் என்பதால், காலநிலை கணக்குப் போடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

1905-இல் அந்தக் குருவியைப் பிடித்தவர் இதற்காகவா பிடித்தார்? அவருக்குப் பறவை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அருங்காட்சியகத்துக்கு இந்த வேலை எதற்கு என்றால், வேலையில் பாதியை அது தெரியாமலே ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது என்பதுதான் என் பதில். நேற்றைய உலகம் எப்படி இருந்தது என்பதற்கு வேறு யாரிடமும் இல்லாத சாட்சி அதனிடம் இருக்கிறது.

இன்னொன்று. குருவிகள் கறுத்ததை மட்டும் காட்டியிருந்தால் இது பத்தோடு பதினொன்றாக ஒரு சோகக் கதை. வெளுத்ததையும் காட்டுகின்றன. மனிதர்கள் கூடிச் சட்டம் போட்டார்கள், எரிப்பதை மாற்றினார்கள், அது பறவையின் வயிற்றில் தெரிகிறது. பல காலநிலைக் கண்காட்சிகளில் விடுபட்டுப்போவது இந்த இரண்டாம் பாதி.

இதே ரகத்தில் பழைய உதாரணம் ஒன்று உண்டு. பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர், சேகரிப்புகளில் கிடந்த பொரி வல்லூறு முட்டை ஓடுகளை எடைபோட்டார். 1940-களின் பிற்பகுதியிலிருந்து ஓடு திடீரென்று மெலிந்திருந்தது. அவர் 1967-இல் அதை வெளியிட்டார். டிடிடி என்ற பூச்சிமருந்துதான் காரணம் என்பது உறுதிப்பட்டது. அமெரிக்காவில் 1972-இல் அதன் பயன்பாடு பெருமளவு தடைசெய்யப்பட்டது. வல்லூறுகள் மீண்டன. முட்டை சேகரிப்பது இன்று பல நாடுகளில் குற்றம், சேகரித்தவர்களை நானும் பாராட்டப் போவதில்லை. ஆனால் அந்த முட்டைகள் இல்லாமல் "முன்பு எப்படி இருந்தது" என்ற ஒப்பீடே கிடைத்திருக்காது.

சரி, முதல் பாதிக்கு வருவோம். பார்த்தவர் செயலில் இறங்குவாரா?

பல அருங்காட்சியகங்கள் இங்கே ஒரு தவறான கணிப்பிலிருந்து தொடங்குகின்றன. மக்களுக்குத் தெரியவில்லை, தெரிந்தால் செய்வார்கள் என்று நினைத்து வரைபடங்களால் சுவரை நிரப்புகின்றன. 2024-இல் வெளியான ஓர் ஆய்வு 125 நாடுகளில் ஏறக்குறைய 1,30,000 பேரிடம் கேட்டது: புவி வெப்பமாதலைத் தடுக்க உங்கள் மாத வருமானத்தில் ஒரு சதவீதம் தருவீர்களா? 69 சதவீதம் பேர் தருவோம் என்றார்கள். உங்கள் நாட்டில் எத்தனை பேர் தருவார்கள் என்று நினைக்கிறீர்கள் என்றும் கேட்டார்கள். சராசரியாக வந்த பதில் 43. அரசு இன்னும் அதிகம் செய்ய வேண்டும் என்றவர்கள் 89 சதவீதம்.

அதாவது ஆள் ஆளுக்குக் கவலை இருக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கு இல்லை என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள். இந்த முடிச்சை அவிழ்க்க அருங்காட்சியகத்தை விடப் பொருத்தமான இடம் குறைவு. வெவ்வேறு வயது, வெவ்வேறு அரசியல் கொண்ட முன்பின் தெரியாதவர்கள் ஒரே கூரையின் கீழ் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இடம் வேறு எது? கைப்பேசித் திரையில் அவரவர் கூட்டத்தைத்தான் அவரவர் பார்க்கிறோம்.

இதற்குப் பெரிய செலவு வேண்டாம். இரண்டு சுவர், ஒட்டுவதற்கு வட்டச் சீட்டுகள், ஒரு கேள்வி: "இங்கே வருபவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?" பக்கத்திலேயே இன்னொரு கேள்வி: "நீங்கள் கவலைப்படுகிறீர்களா?" இரண்டு சுவரும் நிரம்ப நிரம்ப, இடையில் உள்ள பள்ளம் எந்த விளக்க அட்டையும் இல்லாமலே கண்ணில் படும். பார்வையாளரே தயாரிக்கும் காட்சிப்பொருள் அது. தொடுதிரை விளையாட்டுகளுக்குக் கொட்டும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இதற்கு ஆகாது என்பதாலேயே யாரும் இதைச் செய்வதில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

உடம்பால் உணர வைக்கும் முயற்சிகள் வேறு வகை. 2018 டிசம்பரில் கலைஞர் ஓலாஃபர் எலியாசனும் நிலவியலாளர் மினிக் ரோசிங்கும் கிரீன்லாந்துக் கடலில் ஏற்கெனவே உடைந்து மிதந்த பனிக்கட்டிகள் 24-ஐ லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடத்துக்கு வெளியே இறக்கி வைத்தார்கள். மக்கள் கன்னத்தை வைத்துப் பார்த்தார்கள், காது கொடுத்தார்கள். பனி உருகும்போது உள்ளே சிறைப்பட்டிருந்த பழங்காலக் காற்றுக் குமிழிகள் படபடவென்று வெடிக்கும். அந்தச் சத்தம் வெறும் வேடிக்கை கிடையாது. அண்டார்டிகாவில் துளையிட்டு எடுத்த பனித்தண்டுகளில் உள்ள இதே மாதிரிக் குமிழிகளிலிருந்துதான் 8 லட்சம் ஆண்டுக் காற்றின் கணக்கு நமக்குத் தெரியும். அந்த நெடுங்காலம் முழுக்கக் காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு 300 பங்கைத் தாண்டியதில்லை. 1958-இல் ஹவாயின் மௌனா லோவா எரிமலையில் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. இப்போது 420-க்கு மேல். இதை வரைகோடாகப் போட்டால் கண் நழுவிப் போய்விடும். குமிழி வெடிக்கும் சத்தத்தைக் கேட்டவரிடம் சொன்னால் நின்று கேட்பார்.

பனிக்கட்டியைக் கப்பலேற்றிக் கொண்டுவருவதே கார்பன் செலவுதானே என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எலியாசன் குழுவினர் அந்தக் கணக்கையும் வெளியிட்டார்கள். மறைத்திருந்தால் முழு முயற்சியும் கேலிக்கூத்தாகியிருக்கும்.

ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபனில் 2009-இல் திறந்த கிளிமாஹவுஸ் என்ற காலநிலைக் காட்சியகம் வேறு வழி பிடித்தது. அந்த ஊர் இருக்கும் தீர்க்கரேகையைப் பிடித்துக்கொண்டு பூமியைச் சுற்றுகிறது. ஸ்விஸ் மலை, நைஜர், கேமரூன் காடு, அண்டார்டிகா, சமோவா, அலாஸ்கா என்று அறை அறையாக. பாலைவன அறையில் உண்மையாகவே வியர்க்கும், துருவ அறையில் உண்மையாகவே குளிரும். ஒவ்வோர் இடத்திலும் அங்கே வாழும் மனிதர்கள் தங்கள் நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். "காலநிலை" என்ற மொத்தச் சொல் அங்கே ஒரு குடும்பத்தின் தண்ணீர்ப் பிரச்சினையாகச் சுருங்கிக் கைக்கு அடங்குகிறது.

மிகக் குறைந்த செலவில் நடந்ததாக நான் நினைப்பது வியன்னாவில் லியோபோல்டு அருங்காட்சியகம் செய்தது. 2022 நவம்பரில் காலநிலைப் போராட்டக்காரர்கள் அங்கே ஓவியர் கிளிம்ட்டின் படத்தின் மேல் கறுப்புத் திரவத்தை ஊற்றினார்கள், கண்ணாடி காப்பாற்றியது. அதற்கு முந்தைய மாதம்தான் லண்டனில் வான்கோவின் சூரியகாந்தி மேல் சூப்பு வீசப்பட்டிருந்தது. ஏறக்குறைய நூறு அருங்காட்சியக இயக்குநர்கள் கையெழுத்திட்டுக் கண்டன அறிக்கை விட்ட நேரம். லியோபோல்டு அறிக்கையோடு நிற்கவில்லை. 2023 மார்ச்சில் கிளிம்ட், ஷீலே போன்றவர்களின் 15 ஓவியங்களைக் கோணலாக மாட்டியது. படத்தில் உள்ள ஏரியோ மலையோ கடற்கரையோ எத்தனை டிகிரி சூடாகக்கூடுமோ, படம் அத்தனை டிகிரி சாய்வு. கோணலான படத்தைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும், நேராக்க வேண்டும் என்று. அந்தப் பரபரப்பை ஒரு சுத்தியல் ஆணிச் செலவில் கிளப்பிவிட்டார்கள்.

ஆனால் கை பரபரத்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும்? பெரும்பாலான கண்காட்சிகள் வழுக்கி விழும் இடம் இது.

ஓர் அருங்காட்சியகத்தின் காலநிலைக் கூடத்தில், பெயர் வேண்டாம், ஒரு பிற்பகல் முழுக்க வெளிவாசல் பக்கம் உட்கார்ந்து கவனித்தேன். உள்ளே நல்ல கண்காட்சி. கடைசிச் சுவரில் "நீங்கள் செய்யக்கூடியவை" என்று ஒரு பட்டியல்: விளக்கை அணையுங்கள், துணிப்பை கொண்டு போங்கள், இறைச்சியைக் குறையுங்கள். யாரும் நிற்கவில்லை. ஒரு சிறுமி மட்டும் நின்று முழுக்கப் படித்துவிட்டுத் தன் அப்பாவிடம் கேட்டாள்: "அவ்வளவுதானா?" அவர் சிரித்துச் சமாளித்து இழுத்துக்கொண்டு போனார். கடல் மட்டம், காட்டுத்தீ, கரையும் பனி என்று ஒரு மணி நேரம் காட்டிவிட்டுக் கடைசியில் துணிப்பையை நீட்டினால் அது அவமானப்படுத்துவது போல இருக்கிறது. பிரச்சினையின் அளவும் பரிகாரத்தின் அளவும் பொருந்தவில்லை என்பது பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிகிறது.

அங்கே என்ன இருக்கலாம்? இந்தப் பகுதியில் பேருந்து வழித்தடம் பற்றி முடிவெடுப்பது யார், அடுத்த பொதுக்கூட்டம் எந்தத் தேதி, கருத்து எழுதி அனுப்பும் படிவம் எது என்பவை இருக்கலாம். மரம், நீர்நிலை, மின்சாரம் என்று ஏற்கெனவே வேலை செய்யும் குழுக்கள் மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கூடத்திலேயே மேசை போட்டு உட்காரலாம். உடைந்த மின்விசிறியையும் கிழிந்த பையையும் கொண்டு வந்து தன்னார்வலர்களோடு சேர்ந்து பழுதுபார்க்கும் ரிப்பேர் கஃபே என்ற பழக்கம் 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி உலகெங்கும் பரவியிருக்கிறது. பழுதுபார்ப்பது அருங்காட்சியகத்தின் தினசரித் தொழில். பழம்பொருளைச் சீர்செய்து காக்கும் பிரிவில் உள்ளவர்களை விடப் பொறுமையாக ஒட்டுப்போடத் தெரிந்தவர்கள் யார்?

"இது அரசியல் ஆகிவிடாதா" என்று நிர்வாகக் குழுக்கள் பயப்படும். கட்சிக்கு வாக்குக் கேட்பது வேறு, முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்று காட்டுவது வேறு. சர்வதேச அருங்காட்சியகக் குழுவான ஐகாம், 2022-இல் பிராகாவில் ஏற்ற புது வரையறையிலேயே நீடித்த நிலைத்தன்மையை வளர்ப்பதும் அருங்காட்சியகத்தின் பணி என்று சேர்த்திருக்கிறது. லண்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2020 ஜனவரியிலேயே பூமி நெருக்கடியில் இருக்கிறது என்று அறிவித்துவிட்டது. நடுநிலை என்ற பெயரில் வாய்மூடி இருப்பதும் ஒரு பக்கம் சாய்வதுதான் என்பது என் கருத்து.

பார்வையாளரை வேலைக்காரராக மாற்றும் வழியும் உண்டு, நல்ல அர்த்தத்தில்தான். 2020 மார்ச் இறுதியில், பிரிட்டன் ஊரடங்கில் வீட்டுக்குள் முடங்கியபோது, ரெயின்ஃபால் ரெஸ்க்யூ என்ற முயற்சி ஆவணக்காப்பகத்தில் கிடந்த கையெழுத்து மழைப்பதிவுத் தாள்களை இணையத்தில் வைத்து, எழுத்துப் பெயர்க்க யாராவது வருவீர்களா என்று கேட்டது. 16,000 பேருக்கு மேல் வந்தார்கள். 50 லட்சத்துக்கும் அதிகமான மழை அளவுகளை 16 நாட்களில் தட்டச்சு செய்து முடித்துவிட்டார்கள். அந்த நாட்டு மழைக் கணக்கு 1836 வரை பின்னுக்குப் போனது. உலர்தாவரச் சீட்டுகள், பூச்சிப் பெட்டிகள், கப்பல் நாட்குறிப்புகள் என்று இப்படிப் படிக்கப்படாமல் கிடப்பவை எத்தனையோ. நூறு ஆண்டு முன்பு ஒருவர் மழைமானியைப் பார்த்து எழுதிய எண்ணைத் தன் கையால் தட்டச்சு செய்தவரிடம், காலநிலைத் தரவு யாரோ எங்கோ இட்டுக்கட்டியது என்று இனி யாராலும் சொல்லிவிட முடியாது.

சிறிய அருங்காட்சியகங்கள் "எங்களிடம் காலநிலைத் தொகுப்பு இல்லையே" என்பார்கள். விளக்க அட்டையைத் திருத்தி எழுதினாலே போதும். ஒரு நீராவி இயந்திரம் இருக்கிறது என்று வையுங்கள். அட்டையில் செய்தவர் பெயர், ஆண்டு, குதிரைத்திறன் இருக்கும். அதன் கீழே இரண்டு வரி சேர்க்கலாம்: "இது மணிக்கு இவ்வளவு நிலக்கரி தின்றது. அன்று வெளிவிட்ட கரியமில வாயுவில் ஒரு பங்கு இன்றும் நம் தலைக்கு மேல் இருக்கிறது." அவ்வளவுதான். இயந்திரத்தைப் பழிக்க வேண்டியதில்லை, அதன் பெருமை குறையாது. பார்ப்பவர் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்ப்பார், அது நிச்சயம்.

இனி ஊருக்கு உபதேசம் என்ற பிரச்சினை. அருங்காட்சியகம் ஆற்றல் தின்னும் கட்டடம். ஓவியத்துக்கும் மரத்துக்கும் 50 சதவீத ஈரப்பதம், கூடக்குறைய ஐந்து, 20 டிகிரியை ஒட்டிய வெப்பம் என்று பல பத்தாண்டுகளாக இரவும் பகலும் குளிரூட்டி ஓடியது. எல்லாப் பொருளுக்கும் இவ்வளவு இறுக்கம் தேவையில்லை என்று பழம்பொருள் காப்புத் துறையினரே சொல்லத் தொடங்கினார்கள். பெரிய அருங்காட்சியகங்களின் இயக்குநர்கள் கூடும் பிஸோ குழுவின் பசுமை நெறிமுறை இப்போது பெரும்பாலான பொருட்களுக்கு 40 முதல் 60 சதவீத ஈரப்பதமும் 16 முதல் 25 டிகிரியும் போதும் என்கிறது, திடீர் ஏற்ற இறக்கம் இல்லாத வரை. இதைப் பின்கட்டு இரகசியமாக வைக்காமல் கூடத்திலேயே ஓர் அளவுமானியை மாட்டி, "இந்த அறையைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறோம், ஏனென்றால்..." என்று எழுதி வையுங்கள். அதை விட நல்ல காட்சிப்பொருள் எது? அந்தப் பக்கத்தில் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தின் கதையையும் சொல்லலாம்: 2016 ஜூனில் சேன் நதி பொங்கியபோது கதவை மூடிவிட்டு நிலவறைப் பொருட்களை மாடிக்குத் தூக்கினார்கள். 2019-இல் ஊரை விட்டுத் தொலைவில் லியெவாங்கில் தனிச் சேமிப்பகமே திறந்துவிட்டார்கள்.

பணம் யார் தருகிறார்கள் என்பது இன்னும் கூச்சமான விஷயம். 2021-இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் கார்பனைப் பிடித்து அடைப்பது பற்றிக் கண்காட்சி வைத்தது, புரவலர் ஷெல் எண்ணெய் நிறுவனம். அந்நிறுவனத்தின் நற்பெயருக்குக் கேடு விளைவிக்க மாட்டோம் என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தது வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. கண்காட்சியில் இருந்த அறிவியல் சரியாகவே இருந்திருக்கலாம். யாருக்குக் காதில் விழும்? டேட் கலைக்கூடம் பிபி எண்ணெய் நிறுவனத்தோடு இருந்த இருபத்தைந்து ஆண்டுக்கும் மேலான உறவை 2017-இல் முடித்துக்கொண்டது. பிரிட்டிஷ் அருங்காட்சியகமோ 2023-இல் அதே பிபியோடு பத்தாண்டுகளுக்கு 5 கோடி பவுண்டு ஒப்பந்தம் போட்டது. கூரை ஒழுகும் கட்டடத்தை வைத்துக்கொண்டு தவிக்கும் நிர்வாகத்தின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் மக்கள் அருங்காட்சியகத்தை நம்புவதால்தான் இந்தப் பேச்சே எழுகிறது. காலநிலைக் கூடத்துக்கு மட்டுமாவது புதைபடிவ எரிபொருள் பணம் வேண்டாம் என்பேன்.

கடைசியாக, பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? வந்தவர் எண்ணிக்கையும், வாசலில் நிரப்பும் "மிகவும் பிடித்தது" படிவமும் எதையும் சொல்லாது. அந்த நிமிடத்தில் எல்லோருக்கும் பிடித்துத்தான் இருக்கும். நான் பார்க்க விரும்புவது ஓர் அஞ்சலட்டை. வெளியே போகுமுன் தான் செய்யப்போகும் ஒரே ஒரு காரியத்தைத் தனக்குத் தானே எழுதி, முகவரி போட்டுப் பெட்டியில் போட வேண்டும். மூன்று மாதம் கழித்து அருங்காட்சியகம் அதைத் தபாலில் அனுப்பும், கூடவே "செய்தீர்களா? செய்ய முடியாமல் தடுத்தது எது?" என்று கேட்கும் பதில் அட்டையோடு. திரும்பி வருபவை நூற்றுக்குப் பத்தோ இருபதோ இருக்கட்டும். "தடுத்தது எது" என்ற வரியில் அவர்கள் எழுதுவதை வைத்து அடுத்த கண்காட்சியைத் தொடங்கலாம்.